தடுமாற்றத்தின் அறிவியல்

புதிதாக ஒரு மொழியைக் கற்கத் தொடங்குபவர் முதல் மாதத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரொம்ப வேகமாப் பேசுறாங்க." ஜப்பானிய மொழி படிக்கும் தமிழர் ஜப்பானியரைப் பற்றி இப்படிச் சொல்வார். தமிழ் படிக்க வரும் ஜப்பானியர் நம்மைப் பற்றி இதையே சொல்வார். இருவர் சொல்வதும் எப்படி உண்மையாக இருக்கும்?

பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃப் கூபேயும் பிரான்சுவா பெலெக்ரினோவும் சகாக்களுடன் சேர்ந்து 17 மொழிகளின் பேச்சை அளந்து 2019இல் வெளியிட்டார்கள். அசைகளின் எண்ணிக்கையில் மொழிக்கு மொழி பெரிய வேறுபாடு இருந்தது. ஜப்பானியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 8 அசைகள். தாய்லாந்து மொழியில் ஏறத்தாழ 5. ஆனால் ஓர் அசை எவ்வளவு தகவலைச் சுமக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது எல்லா மொழிகளும் நொடிக்குச் சுமார் 39 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) என்ற அளவைச் சுற்றியே நின்றன. வேகமாக ஒலிக்கும் மொழியில் ஒவ்வோர் அசைக்கும் சுமை குறைவு. நிதானமாக ஒலிக்கும் மொழியில் சுமை அதிகம். ஆக, நாம் உணரும் அந்த வேகத்தில் பெரும்பங்கு பேசுபவரின் வாயில் இல்லை, கேட்பவரின் மூளையில் இருக்கிறது.

காரணம் எளிது. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. "நேத்து ஒரு பாட்டு கேட்டேன்" என்று ஒருவர் சொல்வதைப் பதிவு செய்து அதன் ஒலியலையைத் திரையில் பாருங்கள். சொல் முடியும் இடத்தில் அலை அறுபடாமல் ஓடும். மாறாக, 'பாட்டு' என்ற சொல்லின் நட்டநடுவில், நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு மூச்சை அடைக்கும் அந்தக் கணத்தில், மௌனம் இருக்கும். சொற்களைப் பிரித்துக் கேட்பது காதுக்குள் வந்து விழும் செய்தியன்று. மூளை செய்யும் வேலை. தாய்மொழியில் அந்த வேலை நமக்குத் தெரியாமலேயே நடந்து முடிகிறது. புதிய மொழியில் அது நடக்காதபோதுதான் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரிகிறது.

அயல்மொழி கற்பவரின் அனுபவம் முழுவதையும் இங்கிருந்தே விளங்கிக்கொள்ளலாம். கற்பவர் தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் மூளை புதிதாக ஒரு வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தைத் திறமையின்மை என்று எண்ணிப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகள் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு.

காது பழகிய எல்லை

தமிழ்க் காதுக்குச் சில ஒலி வேறுபாடுகள் மிக எளிது. 'பட்டு', 'பத்து' இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நாக்கு வளைந்து மேலே தொடும் ட-வும் பல்லைத் தொடும் த-வும் நமக்கு வெவ்வேறு உலகம். இந்தியிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆனால் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒரே ஒலியாகக் கேட்கின்றன.

ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவில் நடத்திய சோதனைகளில், இதே இந்தி ஒலிகளை ஆங்கிலச் சூழலில் வளரும் கைக்குழந்தைகளுக்கு ஒலிக்கவைத்தார்கள். ஒலி மாறும் நேரத்தில் பக்கத்தில் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். மாற்றத்தைக் கேட்டறியும் குழந்தை பொம்மையை எதிர்பார்த்துத் தலையைத் திருப்பும். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே திரும்பின. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அந்தத் திறன் அப்படியே இருந்தது. 1984இல் வெளியான இந்த முடிவு மொழி அறிவியலின் திருப்பங்களில் ஒன்று. ஒரு வயதை எட்டும் முன்பே, தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு வேண்டிய வேறுபாடுகளை மட்டும் தக்கவைத்துக்கொண்டு மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் விடக் காது பழகிவிடுகிறது.

ரஷ்ய மொழியியலர் நிகொலாய் துருபெத்ஸ்கோய் இதை ஒரு சல்லடை என்று முன்பே விவரித்திருந்தார். தாய்மொழியின் ஒலியமைப்பு என்ற சல்லடை வழியாகவே நாம் பிற மொழிகளைக் கேட்கிறோம் என்பது அவர் கருத்து. நம் சல்லடைக்கும் கண்கள் அளவானவை. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் க ஒலிக்கும் விதம் வேறு வேறு. ஆனால் தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆகவே எழுத்தும் ஒன்று, காதுக்கும் ஒன்று. இந்தியில் நிலைமை அப்படியில்லை. தமிழில் 'கானா' என்று ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு சொற்களில் ஒன்று சாப்பாடு, மற்றொன்று பாட்டு. இதில் தடுமாறும் தமிழர் கவனக்குறைவானவர் அல்லர். அவர் காது, தமிழுக்கு எது தேவையோ அதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் வளர்ந்தவர்களுக்கு வழி இல்லையா? இருக்கிறது. ஆங்கில ஆர், எல் ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் திணறும் ஜப்பானியர்கள்தான் இதில் மிக அதிகமாக ஆராயப்பட்டவர்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய மாணவர்களுக்குச் சுமார் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஒலியால் மட்டும் வேறுபடும் சொல் இணைகள் ஒலிக்கும். மாணவர் எது என்று சொல்ல வேண்டும். சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும். குரல்கள் பல, சொல்லுக்குள் ஒலி வரும் இடங்களும் பல. மாணவர்களின் கேட்கும் திறன் உயர்ந்தது.

அடுத்து நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரு குழுவுக்கு ஒரே ஒருவர் குரலில் மட்டும் பயிற்சி தரப்பட்டது. பயிற்சியின்போது அவர்களும் முன்னேறினார்கள். ஆனால் புதிய ஒருவர் பேசியதும் அந்த முன்னேற்றம் கைகொடுக்கவில்லை. அவர்கள் கற்றது ஒருவரின் குரலை. மொழியின் ஒலியை அன்று. பல குரல்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான், குரலுக்குக் குரல் மாறுவதை ஒதுக்கிவிட்டு எல்லாரிடமும் மாறாமல் இருப்பதைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படிப் பெற்ற திறன் மாதங்கள் கழித்தும் நிலைத்தது. கேட்க மட்டுமே பயிற்சி பெற்றிருந்தும் அவர்களின் உச்சரிப்புகூடத் திருந்தியதை 1997இல் வெளியான ஆன் பிராட்லோ குழுவின் ஆய்வு காட்டியது.

பாடநூலோடு வரும் ஒரே குரல் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு எல்லாம் புரிகிறது. தெருவில் இறங்கினால் ஒன்றும் புரிவதில்லை. அந்த ஏமாற்றத்துக்கு விளக்கம் இங்கே இருக்கிறது. முதியவர், சிறுவர், வேகமாகப் பேசுபவர், முணுமுணுப்பவர் என்று குரல்கள் மாற மாறக் கேட்பது கடினம். காதுக்கு வேண்டியது அந்தக் கடினம்தான்.

மறதியைத் துணைக்கு அழைத்தல்

ஒலிக்கு அடுத்த சுமை சொற்கள். ஆயிரக்கணக்கான சொற்களை நினைவில் ஏற்றியாக வேண்டும். நேற்றுப் படித்தது இன்று இல்லை என்ற சலிப்பு இல்லாமல் யாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டியதில்லை.

மறதியை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதனைப் பொருளாக்கி, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் நினைவு செங்குத்தாகச் சரிகிறது, பிறகு சரிவு மெதுவாகிறது. இந்த மறதிக்கோடு எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கண்ட இன்னொன்று அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. முழுவதும் மறந்துபோனதாகத் தோன்றும் பட்டியலை மறுபடி படிக்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறது. அதாவது, மறந்தது அழிந்துவிடவில்லை. எடுக்க முடியாத ஆழத்தில் இருக்கிறது.

எடுப்பது எப்படி? ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இதற்கு நேரான விடை தருகிறது. கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளுடன் கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்ட பிறகும், சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், ஆனால் சோதித்துக்கொள்ளவில்லை. வேறு சிலர் படிப்பதை நிறுத்திவிட்டு, ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சொற்களே மிஞ்சின.

இந்தச் சோதனையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு எண். கற்று முடித்ததும், ஒரு வாரம் கழித்து எத்தனை நினைவிருக்கும் என்று மாணவர்களிடமே கேட்டார்கள். எல்லாக் குழுவும் ஏறத்தாழ பாதி என்றே சொன்னது. எந்த முறை தனக்கு உதவுகிறது, எது உதவவில்லை என்று கற்பவருக்கே தெரியவில்லை. பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கும்போது சொற்கள் பழகிய முகங்களாகத் தோன்றுகின்றன. அந்தப் பழக்கத்தைக் கல்வி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஏட்டை மூடிவிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு சொல்லைத் தேடும்போதோ, ஒன்றும் வரவில்லையே என்று தோன்றுகிறது. ஆனால் நினைவு வலுப்படுவது அந்தத் தேடலில்தான்.

இடைவெளியும் அப்படியே. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தில் மூவருமாக நான்கு பேர், 9 ஆண்டுகள் நீடித்த ஓர் ஆய்வில் 300 அயல்மொழிச் சொற்களைக் கற்றார்கள். சில சொற்களை 14 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 28 நாளுக்கு ஒரு முறை, சிலவற்றை 56 நாளுக்கு ஒரு முறை மறுபார்வை செய்தார்கள். இடைவெளி நீண்டபோது கற்கும் வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் பயிற்சி நின்று ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, 56 நாள் இடைவெளியில் 13 முறை பார்த்த சொற்கள், 14 நாள் இடைவெளியில் 26 முறை பார்த்தவற்றுக்கு ஈடாக நினைவில் இருந்தன. பாதி உழைப்பு, அதே பலன். 1993இல் வெளியான இந்த முடிவைக் கற்பவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கொஞ்சம் மறந்தபின் தேடி எடுப்பதற்கு, மறக்காமல் இருக்கும்போது திரும்பத் திரும்பப் படிப்பதைவிட வலு அதிகம். இன்று கைபேசிச் செயலிகள் செய்வதை, ஜெர்மனியின் செபாஸ்டியன் லைட்னர் 1972இலேயே அட்டைகளும் அறைகள் பிரித்த ஒரு பெட்டியும் கொண்டு செய்யச் சொல்லிக்கொடுத்தார். தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதைப் பார்க்கும் இடைவெளி நீளும். தெரியாத அட்டை முதல் அறைக்குத் திரும்பும். செலவில்லாத, இன்றும் சிறந்த முறை அது.

புரிவது வேறு, பேசுவது வேறு

கனடாவில் 1965இல் மொண்ட்ரியாலுக்கு அருகே செயிண்ட் லாம்பர்ட் என்ற ஊரில் ஒரு புதுமை தொடங்கியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். முறை நாடெங்கும் பரவியது. அந்தக் குழந்தைகள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் தாய்மொழியாளர்களை எட்டிப்பிடித்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்ட பிறகும், இலக்கணப் பிழைகள் மறையவில்லை.

மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் இதற்கொரு விளக்கம் தந்தார். கேட்பவர் எல்லா உறுப்பையும் கவனிக்கத் தேவையில்லை. தெரிந்த நாலு சொல்லையும் சூழலையும் வைத்துப் பொருளை ஊகித்துவிடலாம். பேசுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வினையின் விகுதி எது, பால் எது, எது முன்னால் எது பின்னால் என்று முடிவுசெய்தே வாயைத் திறக்க வேண்டும். தனக்கு எது தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. தெரிந்தபின், அடுத்த முறை பிறர் பேசும்போது காது அதைத் தேடிப் பிடிக்கிறது. எல்லாம் சரியாகத் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருப்பவர், சரியாகத் தெரிந்துகொள்ளும் வழியையே அடைத்துவைக்கிறார்.

வயது ஆகிவிட்டதா?

பூப்புப் பருவத்தோடு மொழி கற்கும் வாசல் சாத்தப்படுகிறது என்ற கருத்து, எரிக் லென்னபெர்க் 1967இல் எழுதிய நூலால் பரவியது. அதில் உண்மை உண்டு. தாய்மொழியாளரோடு வேறுபடுத்த முடியாத உச்சரிப்பும் இலக்கணக் கூர்மையும் இளமையில் தொடங்கியவர்களுக்கே பெரும்பாலும் வாய்க்கின்றன. இணையவழித் தேர்வு ஒன்றின் மூலம் ஏறத்தாழ 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவை ஆராய்ந்து ஹார்ட்ஷார்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கற்கும் வேகம் சுமார் 17 வயது வரை குறையாமல் இருப்பதாகக் கணித்தது.

ஆனால் பிசிறில்லாத உச்சரிப்பு ஒன்று. ஒரு மொழியில் வாழ்வது இன்னொன்று. நெதர்லாந்துக்குக் குடிவந்த, ஆங்கிலம் பேசுவோரைக் கேத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்நாகல்-ஹூலேயும் ஓராண்டு பின்தொடர்ந்து, அவர்கள் டச்சு மொழி கற்பதை 1978இல் பதிவுசெய்தார்கள். முதல் மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதினரும் பெரியவர்களும். மிகவும் பின்தங்கியவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். குழந்தைக்கு நேரம் ஏராளம். அதைச் சுற்றி நாள் முழுவதும் அந்த மொழி. பெரியவருக்கு ஒழுங்கை இனங்காணும் அறிவும், முன்பே ஒரு மொழி தெரிந்த பலமும் இருக்கின்றன.

அந்தப் பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்காக ஸ்பானியத்துக்குச் சுமார் 30 வாரமும், தமிழுக்குச் சுமார் 44 வாரமும், ஜப்பானியத்துக்கும் அரபுக்கும் 88 வாரமும் ஒதுக்குகிறது. இந்தத் தூரம் புறப்படும் இடத்தைப் பொறுத்தது. வினைமுற்று கடைசியில் வருவதும், வேற்றுமையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் ஜப்பானியத்தின் இயல்பு. ஆங்கிலம் பேசுபவரைத் திணறவைக்கும் அந்த வாக்கிய ஒழுங்கு, தமிழ் பேசுபவருக்கு நாவில் ஏற்கெனவே இருக்கிறது.

மூளையும் சும்மா இருப்பதில்லை. சுவீடனின் இராணுவ மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த இளைஞர்கள் அரபு, ரஷ்யன், தாரி போன்ற மொழிகளை மிகத் தீவிரமாகக் கற்பவர்கள். யோஹான் மோர்ட்டென்சன் குழு அவர்களின் மூளையைப் படிப்பு தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் படம் பிடித்து, முடிவை 2012இல் வெளியிட்டது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி பருத்திருந்தது. மூளையின் மேலடுக்கான புறணியின் சில பகுதிகள் தடித்திருந்தன. வேறு பாடங்களைக் கடுமையாகப் படித்த மாணவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மொழியில் அதிகமாகத் திண்டாடியவர்களின் நெற்றிப்புறணியில் ஒரு பகுதி மற்றவர்களைவிட அதிகம் வளர்ந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

தரங்கம்பாடி, 1706

ஆய்வுக்கூடங்கள் வருவதற்கு வெகு முன்னரே இந்த வழிகளைத் தேவையின் நெருக்கடியில் கண்டுபிடித்த ஒருவர் தமிழ் மண்ணில் இருந்தார். பார்த்தலோமேயஸ் சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையேறியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. ஜெர்மானியர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு உதவும்படி அச்சில் கையேடு எதுவும் அவர் கைவசம் இல்லை.

முதலில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதினார். டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவருமான அழகப்பன் அவருக்குத் துணையானார். பிறகு சீகன்பால்க் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கு அவருடைய கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் புதுப்பித்துக்கொள்வார். அதன் பின் நண்பகல் வரை புதிய சுவடிகள். பக்கத்தில் ஒரு முதிய புலவர், ஓர் எழுத்தர். புலவர் செய்யுளை விளக்க, எழுத்தர் புதிய சொற்களையும் அவற்றின் பேச்சு வழக்கையும் குறித்துக்கொள்வார். உண்ணும்போதும் ஒருவர் படிக்கக் கேட்பார். மாலையிலும் அப்படியே. தமக்குப் பிடித்த நடையுள்ள ஆசிரியர்களைத் திரும்பத் திரும்பப் படித்து, அந்த நடையிலேயே பேசவும் எழுதவும் முயன்றார்.

சொற்களை நினைவிலிருந்து புதுப்பித்தல், பல குரல்கள், புதிய நூலும் பழகிய நூலும் மாறி மாறி, அன்றாடம் வாய்விட்டுப் பேசுதல் என்று இந்த அத்தியாயம் சொல்லிவந்தவை அந்த நாளொழுங்கில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 1708இலேயே தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விவரப்பட்டியல் தயாரித்தார். அவருடைய மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது 1714–15இல். ஐரோப்பியருக்கான அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாமல் வந்த ஒரு மனிதரின் பத்தாண்டு உழைப்பு இது. அதன் பின்னே பெயர் தெரியாத அந்தத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் புலவரும் எழுத்தரும் இருக்கிறார்கள். மொழியை மனிதரிடமிருந்தே கற்கிறோம்.

கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும்

எல்லாத் தடுமாற்றமும் பலன் தரும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு பத்தியில் பாதிச் சொற்கள் தெரியாவிட்டால் அங்கே கற்றல் நடக்காது, களைப்புதான் மிஞ்சும். கொஞ்சம் முயன்றால் எட்டிவிடும் தொலைவில் இருக்கும் சிரமமே வேண்டியது. அதை நாமே அமைத்துக்கொள்ளலாம். சொல்லைப் படிப்பதற்குப் பதில் மூடிவிட்டு நினைவுபடுத்துங்கள். நாளைக்கே மறுபார்வை செய்யாமல் சற்று மறக்க விடுங்கள். ஒரு குரலுக்குப் பதில் பத்துக் குரல் கேளுங்கள். முதல் வாரத்திலேயே பேசத் தொடங்குங்கள்.

இன்று தமிழ்நாட்டில் செவிலியர் பலர் ஜெர்மனியில் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறார்கள். இலங்கையில் இளைஞர்கள் கொரியாவில் வேலை தேடிக் கொரியன் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுக்கு மொழி ஒரு பொழுதுபோக்கு இல்லை. ஒரு குடும்பத்தின் வருமானம், வாங்கிய கடனின் தவணை. அத்தகைய வகுப்பில் ஒருவர் தவறாக உச்சரித்தால் மற்றவர்கள் சிரிப்பதும், பிழைக்கு அஞ்சி அவர் வாய்மூடிக்கொள்வதும் சின்ன விஷயம் அன்று. எந்த இடத்தில் அவர் மூளை வேலை செய்யத் தொடங்கியதோ அந்த இடத்தில் அதை நிறுத்திவிடுகிறோம். பிழையை அச்சமின்றிச் செய்யவும் உடனே திருத்திக்கொள்ளவும் இடம் தருவது ஆசிரியர் காட்டும் கருணை மட்டும் இல்லை. நாற்பதாண்டு ஆய்வுகள் வற்புறுத்தும் முதல் விதி. "எனக்கு மொழியெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கியிருக்கும் எத்தனையோ பேர், வந்துகொண்டிருந்த நேரத்தில் நிறுத்தியவர்கள். அவர்கள் மறுபடி தொடங்கலாம். எபிங்ஹவுஸ் காட்டியபடி, இரண்டாம் முறை பாதை முன்னைவிடக் குறுகியது.